கூச்சத்தில் குறைந்த பத்து சதவீதம்

காலையில் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது என் மனைவி. கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். ஒரே வாசலுக்குள் ஐந்து குடித்தனம். கதவு திறந்திருந்தால் எதிர்வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது வரை தெரியும். சாத்து என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளாகவே சாத்துவாள். மேல் பொத்தானில் ஆரம்பித்துக் கீழே வருவாள். கடைசிப் பொத்தானுக்கு வருவதற்குள் என் கண் தாழ்ப்பாளுக்குப் போய்விடும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். விவரம் தெரிந்த நாளிலிருந்து டீக்கடை. கடைசியாகப் பல வருஷம் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடையில் டீ மாஸ்டராக இருந்தேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. டீ மாஸ்டருக்குப் பேச்சு தேவையும் இல்லை. லைட், ஸ்ட்ராங், சர்க்கரை இல்லாமல் என்று காதில் விழுவதை வாங்கிக்கொண்டு கையை ஓட்டினால் போதும். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் கை சொல்லிவிடும் என்று இருந்தவன் நான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒருவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து கொள்ளிடம் பாலம் தாண்டி வரும்போது, மணலில் சக்கரம் சறுக்கிவிட்டது. ஓட்டியவருக்குச் சிராய்ப்புதான். எனக்கு வலது தோள் தரையில் அடித்தது. எலும்பு முறியவில்லை. தோளிலிருந்து கைக்குப் போகிற நரம்பு இழுபட்டு அறுந்துவிட்டது என்றார்கள். ஆறு மாதம் கட்டும் பயிற்சியுமாகப் போன பிறகு, இனி இவ்வளவுதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

கை இருக்கிறது. பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தோளுக்கு மேல் தூக்க வராது. முழங்கை பாதிதான் மடங்கும். விரல்கள் பிடிக்கும், ஆனால் பிடித்த பொருள் நழுவிப் போவது அவற்றுக்குத் தெரியாது. கீழே விழுந்து சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.

டீ மாஸ்டர்கள் தோளில் ஒரு துண்டு போட்டிருப்பார்கள். அந்தத் துண்டின் நுனியை வலது கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் கை தொங்காது. சும்மா துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதன் மாதிரி இருக்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். உயரத்தில் இருக்கிற டப்பாவை எடுக்க வேண்டுமென்றால் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக் கையை வீசுவேன். அரை நொடி மேலே போகும். அதற்குள் இடது கை டப்பாவைப் பிடித்திருக்கும். இந்த வித்தையில் பாய் கடையில் ஒரு வருஷம் ஓட்டினேன்.

ஒருநாள் பால் சட்டி நழுவி வாடிக்கையாளர் ஒருவரின் காலில் கொட்டிவிட்டது. அவர் நல்ல மனிதர், திட்டவில்லை. கடை மூடும் நேரத்தில் பாய் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாஸ்டர், உங்களைப் போங்கன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. ஆனா இனிமே அடுப்புப் பக்கம் வேணாம். வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு ஆள் கூப்பிடுங்க, போதும்."

"அது எனக்கு வராதே பாய்."

"தெரியும்" என்று சிரித்தார். "உங்களைக் கூப்பிட விட்டா வர்றவனும் வேற கடைக்குப் போயிடுவான்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "ஊனமுற்றவங்களுக்கு அடையாள அட்டை இருக்குல்ல, அதை வாங்குங்க. அட்டை இருந்தா மாசாமாசம் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம். கூச்சப்படாதீங்க மாஸ்டர். இன்ஷா அல்லாஹ் கிடைக்கும்."

கூச்சப்படாதீங்க என்று அவர் சொன்னதை அன்று நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

என் மனைவி ஏற்கெனவே இரண்டு வீடுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் உட்கார்ந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கவும் சேர்ந்தாள். கல்யாணப் பாத்திரம் என்றால் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்க வேண்டும். முகூர்த்த நாட்களில் விடிவதற்கு முன்பே போய், பந்தி முடியும் வரை ஈரத் தரையில் குந்தியே இருப்பாள். வீட்டுக்கு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கும். உதவித்தொகை வந்தால் முதல் வேலையாக மண்டபத்துக்கு முழுக்குப் போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். எங்களுக்கு அந்த அட்டை என்றால் அவளுடைய முழங்கால்தான்.

அட்டைக்கு முதலில் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். நாற்பது இருந்தால்தான் அட்டை.

எனக்குக் கொடுத்த தேதி ஒரு முகூர்த்த நாள். அவளால் வர முடியவில்லை. முந்தின நாளே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்து, விடியற்காலையில் என்னை எழுப்பிப் பொத்தான் போட்டுவிட்டுப் போனாள். நான் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும்போது வேறு எப்படிப் போவது?

அங்கே வராந்தா நிறைய ஆட்கள். கையை ஊன்றித் தரையில் நகர்ந்து வந்த ஒருவர். பார்வையில்லாத ஒரு பெண், அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு. அவர்களுக்கு நடுவில் இஸ்திரிச் சட்டையோடு நான். இவர்கள் வரிசையில் நிற்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றிவிட்டது. இரண்டு பேரை எனக்கு முன்னால் போகச் சொன்னேன்.

டாக்டர் இளவயதுக்காரர். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் களைத்திருந்தார். என் கையைப் பிடித்து, "என் கையைத் தள்ளுங்க" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளோடு உடம்பையும் சேர்த்துத் தள்ளினேன். "தூக்குங்க" என்றார். இடுப்பைச் சாய்த்து வீசினேன். பிறகு ஒரு படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார்.

"தானா சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேங்க."

"தலை சீவிப்பீங்களா?"

"சீவிப்பேங்க."

"சட்டை போட்டுக்க, பொத்தான் போட, வேட்டி கட்ட?"

"எல்லாம் பண்ணிப்பேங்க சார். ஒண்ணும் சிரமம் இல்ல."

அந்த இடத்தில் இப்படித்தான் பதில் வந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. என் வயதுக்கு எத்தனையோ கடைகளில் வேலை கேட்டு நின்றிருக்கிறேன். முடியுமா என்று ஒரு பெரிய மனிதர் கேட்டால் முடியும் என்பதைத் தவிர வேறு பதில் என் வாய்க்குப் பழக்கமில்லை. அவர் வேலைக்கு ஆள் எடுப்பது போலவும், நான் எப்படியாவது அதில் சேர்ந்துவிட வேண்டும் போலவும் ஆகிவிட்டது.

முப்பது சதவீதம் என்று எழுதி வந்தது.

அன்று சாயங்காலம் தாளைக் காட்டினேன். என் மனைவி எட்டாவது வரை படித்தவள். வாங்கிப் படித்துவிட்டு, "முப்பதா? எங்க ஸ்கூல்லயே முப்பத்தஞ்சு வாங்கினாத்தான் பாஸ்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு டாக்டர் என்னவெல்லாம் கேட்டார் என்றாள். சொன்னேன்.

"பொத்தான் போடுவீங்களான்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போடுவேன்னேன்."

அவள் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவள் போட்டுவிட்ட பொத்தான்கள் அப்படியே இருந்தன.

"நல்லா இருக்கே" என்றாள். "அப்போ நாளையிலேருந்து நீங்களே போட்டுக்குங்க."

மறுநாள் கதவைச் சாத்தவும் செய்தாள், போட்டுவிடவும் செய்தாள். ஆனால் பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பாயிடம் போய் அவளே விசாரித்து வந்தாள். மறுபடி பரிசோதிக்கச் சொல்லி மேல்முறையீடு செய்யலாமாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்களாம்.

திங்கட்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போனோம். கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு வெளியே மனு எழுதித் தருகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மரத்தடியில் ஒரு அம்மா, மடியில் பரீட்சை அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில். என் மனைவி அவரிடம்தான் போனாள். "அக்கா" என்று ஆரம்பித்து முப்பது சதவீதத்துத் தாளைக் கொடுத்தாள்.

அந்த அம்மா அதைப் பார்த்ததும் எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "மருத்துவர் என்னைச் சரியாகப் பரிசோதிக்காமல், அலட்சியமாக..."

"அது வேணாங்கம்மா" என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை அது.

"என்ன வேணாம்?"

"டாக்டர் சரியாத்தான் பார்த்தாரு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அண்ணே, இருபது வருஷமா எழுதறேன். மனுன்னா யார் மேலயாவது குத்தம் சொல்லணும். உங்க மேலயே குத்தம் சொல்லிக்கிட்டா உள்ள இருக்கறவங்க என்ன செய்வாங்க? பாவம், அவங்களுக்கும் புரிய வேணாமா?"

"அந்த டாக்டர் மேல பழி போட வேணாங்க. சின்ன வயசு."

அந்த அம்மா என் மனைவியைப் பார்த்தார். "இவரு எப்பவுமே இப்படித்தானா?"

"அதனாலதானக்கா முப்பது" என்றாள் என் மனைவி.

அவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தார். "சரி, குத்தம் வேணாம். என்னென்ன முடியாதுன்னு சொல்லுங்க, அதை எழுதறேன்" என்று என் முகத்தைப் பார்த்தார்.

எனக்குப் பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் மனைவி சொல்ல ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. கடையில் சாமான் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பொத்தான் போட வராது, எழுதுங்கக்கா. வேட்டி நான்தான் கட்டி விடறேன். சோத்தைப் பிசைய வராது, பிசைஞ்சு வெச்சுட்டுத்தான் வேலைக்குப் போறேன். இடது கையால சாப்பிடறது அவருக்கு அவமானம், அதனால வெளியில எங்கயும் சாப்பிட மாட்டாரு. என் தம்பி கல்யாணத்துல பந்தியில உக்காரவே இல்ல, வயிறு சரியில்லன்னுட்டாரு. தலைக்குத் தண்ணி ஊத்திக்க வராது. பஸ்ல மேல கம்பியைப் பிடிக்க வராது, கூட்டமா வந்தா ஏற மாட்டாரு. காலியா வரட்டும், காலியா வரட்டும்னு மூணு பஸ்ஸை விட்டுடுவாரு. கேட்டா, அவசரம் என்னன்னுவாரு. தூக்கத்துல அந்தக் கை உடம்புக்கு அடியில மாட்டிக்கிட்டா அவருக்குத் தெரியாது. நான் முழிச்சு எடுத்து விடறேன்."

பஸ் விஷயம் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. கல்யாணப் பந்தி விஷயத்தை அவள் நம்பிவிட்டாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கை மாட்டிக்கொள்வதும், அவள் எடுத்துவிடுவதும் அன்றுதான் தெரிந்தது. நான் மூடி மூடி வைத்ததையெல்லாம் பக்கத்திலிருந்தவள் பார்த்து, பார்க்காதது போலவே இருந்திருக்கிறாள். பின்னால் நின்றவர்கள் கேட்கிறார்களே என்று முதலில் காது சுட்டது. பிறகு அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

அந்த அம்மா எழுதுவதை நிறுத்தி, "போதும்மா, தாள் முடிஞ்சு போச்சு" என்றார். கடைசி வரியை மட்டும் அவரே சேர்த்துப் படித்துக் காட்டினார். "மேற்படி சிரமங்களை நான் முதல் பரிசோதனையின்போது கூச்சத்தினால் மருத்துவரிடம் மறைத்துவிட்டேன். இதில் மருத்துவர் மீது தவறில்லை." படித்துவிட்டு, "இப்போ திருப்தியா அண்ணே?" என்றார்.

உள்ளே மனுவைப் பதிவு செய்த அலுவலர் அந்தக் கடைசி வரியில் நின்றார். இரண்டாம் தரம் படித்தார். "யாரையும் திட்டாம ஒரு மனு இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினார். எண் போட்ட சீட்டை என் கையில் கொடுக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, என் இடது கையைப் பார்த்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, மறுபடி பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த இரண்டு மாதமும் முகூர்த்த மாதம். அவள் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு போய் வந்தாள்.

இந்தத் தடவை அவளும் வந்தாள். இஸ்திரிச் சட்டை வேண்டாம் என்றேன். "அதெல்லாம் போட்டுக்கிட்டே போங்க. அழுக்காப் போனா கை முடியாதுன்னு அர்த்தமா?" என்றாள். பஸ்ஸில் என் துண்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். துண்டில்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை அது பக்கத்தில் தொங்கிக்கொண்டே வந்தது.

உள்ளே மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் வயதான பெண் டாக்டர். அவர் கையில் எங்கள் மனு இருந்தது. துணைக்கு வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினார்கள்.

"இதை எழுதினது நீங்களா?" என்றார் அந்தப் பெண் டாக்டர்.

"வெளியில மனு எழுதற அம்மாங்க. சொன்னது என் சம்சாரம்."

"அப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

"கேட்டுக்கிட்டு நின்னேங்க."

அவர்கள் மூவரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பிறகு அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"தள்ளுங்க."

மூச்சைப் பிடித்தேன். உடம்பு பழையபடி தோளோடு சாயப் போனது. மூச்சை விட்டேன். கை மட்டும் தள்ளியது. அது தள்ளிய அளவை அவர் விரல்களோடு சேர்ந்து நானும் அன்றுதான் பார்த்தேன். ஒரு காகிதத்தைத் தள்ளுகிற அளவு.

"சட்டையைக் கழட்டிட்டு மறுபடியும் போடுங்க."

கழற்றுவது எப்படியோ வந்தது. மறுபடி மாட்டி, பொத்தானுக்கு வந்தேன். இடது கை ஒரு பொத்தானைப் பிடித்தது. காஜா இருக்கிற பக்கத்தை வலது கை பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தது, நழுவியது. இடது கையால் எடுத்து வலது விரல்களுக்குள் வைத்தேன். மறுபடியும் நழுவியது. நர்ஸ் ஒரு எட்டு முன்னால் வந்தார். டாக்டர், "இருங்க, அவரே பண்ணட்டும்" என்றார். அதட்டலாக இல்லை. எனக்காகக் காத்திருக்கிற குரலாக இருந்தது.

எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது. நெற்றி வியர்த்துவிட்டது. முடியவில்லைங்க என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பொத்தான் போட்டேன். இரண்டும் தப்பான காஜாவில் மாட்டியிருந்தன. ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாகச் சட்டை நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இதுக்கு மேல என்னால முடியலைங்கம்மா."

"சரி" என்றார் அவர். உட்கார்ந்து எழுதினார். நிறைய எழுதினார்.

வெளியே வந்தபோது என் மனைவி எழுந்து நின்றாள். சட்டையைப் பார்த்ததும் கை தானாக நீண்டது.

"இருக்கட்டும்" என்றேன்.

"இப்படியேவா? பஸ்ல எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கலாம்."

பஸ் கூட்டமாக வந்தது. ஏறினோம். நான் இடது கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தபோது போடாத பொத்தான்களின் வழியாகச் சட்டை உப்பிக்கொண்டது. முன்சீட்டிலிருந்த ஒரு பெரியவர் என் சட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், எழுந்து இடம் கொடுத்தார். நான் என் மனைவியை உட்காரச் சொன்னேன். அவளுக்குத்தான் முழங்கால் வலி.

மூன்று வாரத்தில் தாள் வந்தது. நான்தான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாற்பத்தைந்து. அவளிடம் நீட்டினேன். "பாஸா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம மாஸ்டர் பாஸ்" என்று கத்தினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அட்டை வந்து, உதவித்தொகைக்கு எழுதிப் போட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, அதற்கும் பல மாதம் ஆயிற்று. முதல் தொகை வந்த மறுநாள் அவள் மண்டபத்துக்குப் போய் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வேலைக்கு வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்களாம். அந்தப் பெண்ணின் காலைப் பற்றி அவள் கவலைப்பட்டாள்.

அதற்கடுத்த முகூர்த்த நாளன்று மண்டபத்து மேளச் சத்தம் காற்றில் எங்கள் சந்து வரை வந்தது. அவள் வீட்டில் இருந்தாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் டீ போட்டேன். இப்போதெல்லாம் நான் ஆற்றுவதில்லை. இடது கையால் வடிகட்டி, டம்ளரோடு அப்படியே வைத்துவிடுவேன்.

"சூடா இருக்கு" என்றேன்.

"ஆறட்டும். எனக்கென்ன அவசரம்" என்றாள்.

அது தானாக ஆறுகிற வரைக்கும் அவள் மேளத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து எனக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. எதிர்வீட்டு அம்மா காய் நறுக்கிக்கொண்டே எங்களைப் பார்த்து, "இன்னிக்கு மண்டபத்துக்குப் போகலையா?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லைக்கா, நின்னுட்டேன்" என்றாள் என் மனைவி, மூன்றாவது பொத்தானைப் போட்டபடி.